ஓட்டை அடைத்த பதக்கம்

மகள் சொர்ணத்தின் வலது கால் தண்டை சத்தம் போடவில்லை என்பதை அழகியநம்பி பிள்ளை முதலில் கவனித்தது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில். மேற்கேயிருந்து ஏறி வந்த மழை கரமனை ஆற்றையும் தெருவையும் ஒன்றாகப் போட்டு மூடியிருந்தது. உச்சிப்பொழுதிலேயே வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டியிருந்தது. நனைந்த ஓடும், காயாத துணியும், அடுக்களையில் எரிய மறுத்துப் புகைந்துகொண்டிருந்த விறகும் சேர்ந்து ஒரே வாடையாக வீடு முழுக்க நின்றது. அந்த இருட்டில் ஐந்து வயசுப் பிள்ளை கூடத்துக்கும் முற்றத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு காலடிக்குச் சலங்கென்று சத்தம் வந்தது. அடுத்த காலடிக்கு ஒன்றுமில்லை. நொண்டிப் பிள்ளை ஓடுவதுபோலக் கேட்டது. ஆனால் அவள் நொண்டவில்லை.

தண்டை என்றால் உள்ளே கூடாக இருக்கிற வெள்ளி வளையம். அந்தக் கூட்டுக்குள் வெள்ளிப் பரல் போட்டிருப்பார்கள், நடக்கும்போது உருண்டு சத்தம் போடும். வலது தண்டையிலிருந்து ஒரே ஒரு பரலை எடுத்தவர் சாட்சாத் அழகியநம்பி பிள்ளைதான். மிச்சப் பரலெல்லாம் உள்ளேதான் கிடந்தன. அவர் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, தண்டையைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். கணீரென்று பேசியது. காலில் மாட்டி விட்டார். ஊமையாகிவிட்டது.

அவர் மனைவி உலகம்மை அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கால் வீட்டுக்குள்ள ஓடுகு. இன்னொரு கால் வேற எங்கயோ நிக்கி,” என்றாள். “ஆசாரிகிட்டே கொண்டுபோய் என்ன செய்தேளோ?”

ஒட்டு விட்டிருக்கிறது, பற்றவைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லித்தான் அவர் தண்டையை வாங்கிப் போயிருந்தார். ஒட்டும் விடவில்லை, ஒன்றும் விடவில்லை. பொய் சொன்ன மனுஷனுக்கு வாய் எப்படித் திறக்கும்? மழைக்கு வெள்ளி இறுகியிருக்கும் என்று ஏதோ உளறிவிட்டு, தன் அலமாரி இருந்த அறைக்குள் போய்விட்டார்.

அந்த அலமாரிதான் அவருக்கு எல்லாம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திவானுடைய அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருக்கிற மனுஷர், பெண்டாட்டிக்கு ஒரு புடவை எடுக்க யோசிப்பார், பதக்கம் என்றால் யோசிக்க மாட்டார். ராஜா பட்டம் ஏறியதற்கு, ராணிக்கு வயசு நிறைந்ததற்கு, பாலம் திறந்ததற்கு, யுத்தம் ஜெயித்ததற்கு என்று எவன் எவனோ எதற்கோ அடித்து விட்ட பதக்கங்கள் அங்கே சிவப்பு வெல்வெட்டில் வரிசையாக வெட்டிய குழிகளில் படுத்திருந்தன. முழுசாக இருப்பவை பெரிய மனிதர்கள் கைக்குப் போய்விடும். வளையம் முறிந்தது, வளைந்தது, கறுத்தது, எவளோ புடவையில் குத்திக்கொள்ள ஊசி பற்றவைத்துக் கெடுத்தது, இப்படிப்பட்ட உடைசல்தான் இவருக்கு வரும். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. உடைசலைச் சீராக்கினால் அந்தப் பொருள் தன்னைத் தவிர வேறு யாருக்கும் சொந்தமில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. கெட்ட நினைப்பு அது. அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அவரைப் பரல் எடுக்க வைத்த பதக்கம் வந்தது சாலைக் கம்போளத்துக் கடைக்காரி ரத்னாபாயிடமிருந்து. பழைய பித்தளையும் வெள்ளியும் வாங்கி விற்கிற ரத்னாபாய்க்கு இவரைக் கண்டாலே ஆகாது. எடுத்து எடுத்துப் பார்த்து, இது சொத்தை அது சொள்ளை என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளை எந்தக் கடைக்காரிக்குப் பிடிக்கும்? ஆற்றில் வெள்ளம் வடிந்தபிறகு கரைமணலை அரித்துப் பொன்னும் வெள்ளியும் பொறுக்குகிறவர்கள் அவளிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் குவியலில், ஒடிந்த கொலுசுக்கும் நசுங்கிய சிமிழுக்கும் அடியில், அது கிடந்தது.

சக்கரவர்த்தி முடிசூட்டு விழாவுக்கு, அழகியநம்பி பிள்ளை சின்னப் பையனாக இருந்த காலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்த பதக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பித்தளை, முதலாவதாக வந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் வெள்ளி. பித்தளை அவரிடம் இருந்தது. வெள்ளி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, கண்ணால் கண்டதில்லை. வெல்வெட்டில் அதற்கென்று வெட்டி வைத்த குழி வருஷக்கணக்காக வெறுமையாக இருந்தது.

அந்த வெள்ளிதான் இது. நடுமையத்தில் ஒரு ஓட்டை. கழுத்தில் கட்ட வேண்டுமென்றால் ஓரத்தில் துளை போடுவார்கள், நடுவில் யாரும் போட மாட்டார்கள். பின்பக்கமிருந்து ஆணி வைத்து அடித்த ஓட்டை, முன்பக்கத்து ராஜா முகத்தில் பிசிறு எழும்பி நின்றது. பின்பக்கத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் அப்பா போன அன்று, இதே கையால், சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் காசை ஒட்டி வைத்தவர்தானே. இது நெற்றிக்காசாக ஆற்றங்கரைக் குழிக்குள் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுத்த பதக்கம் என்றால், அது இருந்த நெற்றியும் சின்ன நெற்றியாகத்தான் இருக்கும். அந்த நினைப்பை அவர் முழுசாக நினைத்து முடிக்கவில்லை. பாதியிலேயே காகிதத்தில் பொதிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“கொண்டு போணும்னா கொண்டு போங்க,” என்றாள் ரத்னாபாய், அவர் முகத்தைப் பார்க்காமல். “திருப்பி இங்கே கொண்டுவரப்பிடாது.”

வீட்டில் யாரும் பார்க்காதபோது அதைப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டார். சந்தனம் கரைந்து, பழங்காலத்து மணம் ஒன்று கிளம்பி, அறையை விட்டுப் போகாமல் சுற்றியது. மஞ்சள் தண்ணீரை முற்றத்து ஓடையில் ஊற்றினார். பிறகு, வெள்ளிப் பாத்திரத்தை அவர்கள் வீட்டில் எப்படித் துலக்குவார்களோ அப்படியே, திருநீற்றைத் துணியில் எடுத்துத் தேய்த்தார். செத்த நெற்றியில் இருந்த சாமானை உயிருள்ள நெற்றிக்கு இடுகிற சாம்பலால் தேய்க்கிறோமே என்று கை ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. பளபளவென்று வந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். முற்றத்து மழை அதற்குள் சின்னதாக, தெளிவாகப் பெய்துகொண்டிருந்தது.

கரமனைத் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கிற தாணு ஆசாரியிடம் கொண்டுபோனார். நடுவில் எவன் துளை போட்டான் என்று ஆசாரி கேட்டார். பள்ளிக்கூடத்துப் போக்கிரிகள் வேலை என்றார் இவர். புது வெள்ளியால் அடைத்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும், பழைய வெள்ளியாகக் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்றார் ஆசாரி. வீட்டிலே பழைய வெள்ளி சொர்ணத்தின் காலில் மட்டும்தான் இருந்தது. ஒரு பரல். ஒரே ஒரு பரல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆசாரி அதை உருக்கி ஓட்டையில் விட்டு, இருபக்கமும் தட்டி, அரம் போட்டு இழைத்துக் கொடுத்தார். விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை. வெறுமையாக இருந்த குழியில் பதக்கம் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் வலது கால் ஊமையானது.

அடுத்தது பொட்டு. உலகம்மை பிள்ளைக்குக் காலையில் சாந்துப் பொட்டு வைப்பாள். அது காய்ந்து, சிறிது நேரத்தில் உதிர்ந்து விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. “பொட்டு நிக்க மாட்டங்கு,” என்று அலுத்துக்கொண்டாள். அழகியநம்பி பிள்ளை போகிற போக்கில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். முகமெல்லாம் வெதுவெதுப்பு. நெற்றி நடுவில் மட்டும் குளிர்ச்சி. விரல் நுனியால் அந்தக் குளிர்ச்சியின் எல்லையைத் தேடினார். வட்டம். ஓரம் வெட்டினாற்போன்ற சுத்த வட்டம். எவ்வளவு அகலம் என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும், தினமும் தடவிப் பார்க்கிற அகலம்தான்.

கையை இழுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார். தன் பிள்ளையைத் தொட்ட கையைத் துடைக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. அவருக்கு அழுகை வந்தது.

பிறகு தூக்கம். சொர்ணம் கையும் காலும் நாலு பக்கமாகப் போட்டுத் தூங்குகிற பிள்ளை. இப்போது மத்தியானத்தில் மல்லாந்து, நேராக, கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூங்கினாள். இரண்டு கால் பெருவிரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, யாரோ சேர்த்துக் கட்டி வைத்ததுபோல. அவர் குனிந்து கால்களைப் பிரித்து வைத்தார். ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தபோது விரல்கள் மறுபடியும் சேர்ந்திருந்தன. கட்டில் அருகே சந்தன வாடை. ஈரச் சந்தனம்.

கச்சேரியில் வேலை ஓடவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். பூட்டிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும் என்று நினைத்தார், பாவம்.

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கப்போகிற நேரம், பிள்ளை கூடத்தில் நடந்தாள். இடது கால். சலங். அது கூடத்தில் கேட்டது. வலது கால். சலங்.

அது அலமாரிக்குள் கேட்டது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடது. கூடத்தில். வலது. அலமாரிக்குள், தேக்குக் கதவுக்குப் பின்னால், வெல்வெட்டுக்கு நடுவில். பிள்ளை நின்றாள். இரண்டும் நின்றன. உலகம்மையைப் பார்த்தார். அவள் குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்ட மாதிரி இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்ல? செத்த பிள்ளையின் நெற்றிக்காசை உன் பிள்ளையின் கால்வெள்ளியால் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்ல?

மறுநாள் அவர் கச்சேரியிலிருந்து வந்தபோது சொர்ணம் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்து, குதிகால் சேர்ந்து, வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைபோல. ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். மலையாளத்தில், ஒரே ராகத்தில், தட்டாமல். அவளை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஏடு தொடங்குவதற்கு விஜயதசமி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

வாய்ப்பாடு முடிந்தது. பிள்ளை வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, அலமாரியை நோக்கி. பரிசு வாங்குகிற கை.

“சொர்ணம்,” என்றார்.

திரும்பவில்லை. பெயர் தெரியாததுபோல நின்றாள்.

அன்றைக்கே காய்ச்சல் கண்டது. வலியசாலையிலிருந்து வைத்தியர் வந்து நாடி பார்த்தார். உடம்பு கொதிக்கிறது, நெற்றி மட்டும் ஏன் இப்படி என்று தொட்டவர், கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். தன் கை செய்ததையே அவர் கையும் செய்ததை அழகியநம்பி பிள்ளை பார்த்தார். வைத்தியர் கஷாயம் சொன்னார். படி இறங்கும்போது, பிள்ளையை விட்டு நகரவேண்டாம் என்று உலகம்மையிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் அழகியநம்பி பிள்ளை பதக்கத்தை எடுத்துக்கொண்டு தாணு ஆசாரியிடம் ஓடினார். குடை எடுக்கவில்லை. நனைந்து போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். ஆற்று மணல், சந்தனம், புளித்தண்ணீர், திருநீறு. ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

“சின்னப் பிள்ளை போனா நெத்திக்காசை முழுசா வைக்க மாட்டாவ,” என்றார். “ஆணி அடிச்சு ஓட்டை போட்டுத்தான் வைப்பாவ. முழுக்காசு கையிலே இருந்தா, கடைக்குப் போணும்னு பிள்ளை எழும்பி வந்திரும். ஓட்டைக்காசு எங்கயும் செல்லாதுல்லா. அதனாலே அங்கயே கெடக்கும்.”

அழகியநம்பி பிள்ளை பதக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

“பெத்தவங்க மனசை இரும்பாக்கிட்டு அடிச்ச ஓட்டை. அதைப் போய் அடைக்க வச்சீரே. அதுவும் ஜீவனுள்ள பிள்ளைக்க வெள்ளியாலே, என் கையாலே.”

பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்று இவர் கெஞ்சினார். ஆசாரிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நினைப்பில்தான் செய்திருக்க வேண்டும், இவர்மேல் உள்ள இரக்கத்தால் இல்லை. பதக்கத்தைக் குறட்டில் பிடித்துத் தணலில் காட்டி ஊதினார். வெள்ளி கறுத்து, பிறகு சிவந்தது. ராஜாவின் முகத்து நடுவில், அடைத்த இடம் மட்டும் சிவக்கவில்லை. வட்டமாக, வெள்ளையாக, குளிர்ந்து கிடந்தது.

ஆசாரி சின்ன உளியை அதன்மேல் வைத்தார். சுத்தியலை எடுத்தார். ஒரு தட்டு.

தெருவில் எங்கோ ஒரு பிள்ளை வீறிட்டது. எந்த வீடு என்று மழையில் தெரியவில்லை.

இரண்டாவது தட்டு. அடைப்பு கழன்று கீழே இருந்த தண்ணீரில் விழுந்தது. சுர்ரென்று சத்தம் வந்து அடங்கியது. ஆசாரி கையை விட்டுத் துழாவி எடுத்தார். உருக்கி ஊற்றி, தட்டி இழைத்த வெள்ளி. பழையபடி உருண்டைப் பரலாக அவர் உள்ளங்கையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட விரும்பவில்லை. பதக்கத்தையும் பரலையும் இவர் கையில் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆத்திலே போட்டுட்டுப் போம். இனி இந்தப் பட்டறை வாசலை மிதிக்கப்பிடாது.”

ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்த வீறல் காதில் நின்றது. முதலில் பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று கால் வீட்டுப்பக்கம் திரும்பியது. எந்த அப்பனுக்கும் அப்படித்தான் திரும்பும். ஒரு கையில் பதக்கம், ஒரு கையில் பரல். இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நாலு வீடு தள்ளி வரும்போதே கேட்டது.

சலங். சலங். சலங்.

இரண்டு காலும். ஓடுகிற கால்கள். கூடத்துக்கும் முற்றத்துக்குமாக, வேகமாக, பிழையில்லாமல். அவர் மழையில் நின்று வாய்விட்டு அழுதார். பிள்ளை எழும்பிவிட்டாள். ஓடுகிறாள். இரண்டு காலும் பேசுகின்றன.

படியில் கால் வைத்தபோது கையில் ஏதோ உறுத்தியது. விரித்துப் பார்த்தார். பரல். இன்னும் சூடாக இருந்தது.

உள்ளே ஓட்டம் நின்றது.

கூடத்தில் விளக்கில்லை. சந்தன வாடை. அடர்த்தியாக, ஈரமாக, இப்போதுதான் அரைத்ததுபோல. முற்றத்து விளிம்பில் உலகம்மை உட்கார்ந்திருந்தாள். மடியருகே சாந்து குழைத்த தேங்காய்ச் சிரட்டை. பிள்ளை அவளுக்குப் பக்கத்தில், முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குதிகால் சேர்ந்திருந்தது.

“வந்துட்டேளா,” என்றாள் உலகம்மை. விடிய விடிய விழித்த கண்ணில் சிரிப்பு. “இப்பத்தான் ஒரு சத்தம் போட்டா. ரெண்டு சத்தம். பெறவு எழும்பி ஓடத் தொடங்கிட்டா. காய்ச்சல் சுத்தமா விட்டுட்டு, தொட்டுப் பாருங்க.”

அவர் தொடவில்லை.

“பொட்டுதான் இன்னும் நிக்க மாட்டங்கு,” என்றாள். பிள்ளையின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

சொர்ணத்தின் முகம்தான். அதே மூக்கு, அதே பல். நெற்றி நடுவில், ஆணி அடித்ததுபோல, விரல் பருமனுக்கு ஒரு வட்டத் துளை. ரத்தமில்லை. ஓரத்தில் பிசிறு மட்டும், வெளிப்பக்கமாக எழும்பி நின்றது. அந்த வட்டத்துக்குள் முற்றத்து மழை, சின்னதாக, தெளிவாகப் பெய்துகொண்டிருந்தது.

பிள்ளை அவரைப் பார்த்தாள். பதக்கம் இருந்த கையைப் பார்த்தாள். தன் வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தாள்.

உலகம்மை விரலைச் சாந்தில் தோய்த்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். விரல் நெற்றியில் நிற்கவில்லை. நுனி மறைந்தது. முதல் கணு வரை மறைந்தது. பிள்ளை கண் சிமிட்டவில்லை.

“பாத்தேளா,” என்றாள். விரலை எடுத்து, மறுபடியும் சிரட்டையில் தோய்த்தாள்.